ஆறு நாள்

படங்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபின்
வேலையற்றுக் கிடந்த ஒளிப்பெட்டியில்
வரைபடத்தை ஒட்டினேன், நாலு மூலைக்கும் பிளாஸ்டர்.
சுவிட்சைப் போட்டதும்
அம்பாறையின் ஆறுகள்
தோலுக்கடியில் நரம்பாய் எழுந்தன.

மத்தியானம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே யாருமில்லை.
சுமைரா மீன் ரோல்ஸ் கடித்த விரலால்
சேனநாயக்க சமுத்திரத்தில் எண்ணெய்ப் பொட்டு வைத்தாள்:
"இதுக்குள்ள நடக்க விடமாட்டாங்க. யானை. போட்டில ஏறணும்."
போட்டில் ஏறினால் அது நடையா
என்று விமலோஜினிக்குச் சந்தேகம்.

முதலில் நக்கிள்ஸ் என்றுதான் இருந்தோம்.
அட்டைக்கடி என்றதும் விமலோஜினி கைவிட்டாள்.
மறுகா எல்ல.
தேயிலைக்குள் ஓரிரவு தூங்க என் சம்பளத்தில் கால்வாசி.
ஒன்பது வளைவுப் பாலத்தில்
படமெடுக்கிறவர்களின் வரிசையில் நிற்கவா
லீவு சேர்த்தோம்?

குமணைக் காட்டுவழி கதிர்காமத்துக்குப் போகும்.
"எனக்கு நேர்த்தி ஒண்டும் இல்லயே" என்றேன்.
"எங்கட பள்ளியும் அங்க இருக்கு,
ஆனா எனக்கும் கேக்க ஒண்டும் இல்ல" என்றாள் சுமைரா.
கேட்க ஒன்றுமில்லாதவர்கள்
நாள்கணக்காய் நடக்கலாமா?
இந்தக் கரையில் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

வீட்டில் சொன்னேன்.
"நடந்தது காணாதா?" என்றார் அவர்.
தொண்ணூறில், ஒன்பது வயதில்,
ஒரு கக்கத்தில் கோழியோடு
காரைதீவிலிருந்து திருக்கோவில் வரை.
அந்தக் கோழி என்னவானதென்று
கலியாணமாகிப் பதினேழு வருசத்தில் சொன்னதில்லை.
பிறகு மெழுகுதிரி எடுத்துவந்து
என் பையின் சிப்பில் தேய்த்தார்,
திறந்து மூடி, திறந்து மூடி.

எனக்கு இந்த ஆறு வந்தது குதிகால்களால்.
போகம் தொடங்கினால் சம்மாந்துறை ஆட்கள்
சேறு காய்ந்த காலோடு வருவார்கள்.
ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பு,
"அசையாம வையுங்க" என்று
சொல்லிக்கொண்டே கேட்பேன், தண்ணி எப்ப வரும்?
இங்கினியாகலை திறந்தால் வரும்.
அதற்கு அங்கால எங்கிருந்து?
ஒருவரும் சொல்லவில்லை.
அணைதான் பெற்றது என்பதுபோல் சிரிப்பார்கள்.

வரைபடத்தில் அது
அணை தாண்டியும் நூலாய் ஏறுகிறது,
மடுல்சீமைப் பக்கம்.
உயரக்கோடுகள் அங்கே நெருங்கி நெருங்கி
யாரோ கைநாட்டு வைத்ததுபோல் இருக்கிறது.
கல்முனையில் ஏற்றம் என்றால்
எங்களுக்கு ஆஸ்பத்திரிப் படிதான்.
மூன்று வாரமாய் லிப்டைத் தொடவில்லை.
தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதி
"யாருக்கு மோசம்?" என்று பதறி
இருமுறை பின்னால் ஓடிவந்தாள்.

மலையிலிருந்து கடலுக்கு இறங்கினால் சுகம் என்றாள் விமலோஜினி.
இல்லை, இறக்கம்தான் முழங்காலைத் தின்னும்.
நான் பார்த்த மூட்டுகளைக் கேள்.
ஒலுவில், களியோடைப் பாலம்,
உப்பும் நன்னீரும் சண்டை பிடிக்கிற இடத்தில்
விடிய ஐந்து மணிக்கு, கடலுக்கு முதுகு காட்டி.
அதுவரை ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.
சாப்பாடு யார் தூக்குவது என்பதில்தான்
இன்னும் இழுபறி.

லீவுப் படிவத்தில் இரண்டு பெட்டி.
நாட்கள்: ஆறு.
காரணம்:
பேனையைக் கடித்தேன். நோய் இல்லை, சாவு இல்லை,
கலியாணம் இல்லை, நேர்த்தி இல்லை.
ஆறு, என்று எழுதினேன்.

பிரதம லிகிதர் இக்னேசியஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
"ரெண்டு பெட்டிக்கும் ஒரே சொல்லை எழுதிப்போட்டிங்க மிஸ்."
பிழையில்லை என்றேன்.
கொஞ்சநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
சிவப்புப் பேனையால் மேல்பெட்டியை வெட்டி
ஐந்து என்று போட்டார்.
கீழ்ப்பெட்டியைத் தொடவில்லை.

இப்போது ஒரு நாளை எங்கே உரிப்பது?
அம்பாறை வரை பஸ்ஸா?
வயல்களை விட்டுவிட்டு மலையை மட்டும் பார்ப்பது
முகத்தை மட்டும் கழுவிவிட்டுக் குளித்தேன் என்பதல்லவா
என்று சுமைரா தொடங்கினாள்.

கதவைத் தட்டுகிறார்கள்.
நிந்தவூரிலிருந்து ஒருவர், கணுக்கால், மோட்டார்சைக்கிள்.
வரைபடத்தை அவசரமாய் இழுத்தேன்.
மடுல்சீமையில் ஒரு விரலகலம்
பிளாஸ்டரோடு வந்துவிட்டது.
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
"அசையாம வையுங்க" என்றேன்.