பார்ட்டிஷன்

உதவித்தொகை நான்கு வருடத்துக்குத்தான்.
ஐந்தாவது வருடத்தை
அபுதாபி ஹம்தான் தெருவில், ஏழாவது மாடியில்,
பிளைவுட் அடித்துப் பிரித்த ஹாலின்
நடுத்துண்டில் எழுதுகிறேன்.
மாதம் தொள்ளாயிரம் திர்ஹம், வைஃபை சேர்த்து.

இந்தப் பக்கம் ஷைனியும் எஸ்தரும்:
ஒருத்திக்குப் பகல் டூட்டி, ஒருத்திக்கு இரவு,
மெத்தை ஒன்று.
அந்தப் பக்கம் ஜகபரும் நூருலும்.
அவர் இருமினால் என் மேசைவிளக்கு ஆடும்.

என் சமன்பாட்டுக்கு இருபது திசைகள்.
திசைக்குப் பத்தே பத்துப் புள்ளி வைத்தாலும்
ஒன்றுக்குப் பின்னால் இருபது சுழி.
கிளஸ்டர் போதாது,
கிளஸ்டர் இருக்கும் கட்டடமும் போதாது.
ஆகவே நானும் தடுக்கிறேன்:
ஒரே பெரிய அறை வேண்டாம்,
வரிசையாய் இருபது சின்ன அறைகள்,
பக்கத்து அறையோடு மட்டும் பேச
ஆளுக்கொரு ஓட்டை.
அந்த ஓட்டையின் அகலம்தான்
என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்.
குறுக்கினால் உண்மை நசுங்கும்.
விரித்தால் வாடகை ஏறும்.

நேற்றிரவு இரண்டரைக்கு விடை வந்தது.
ஒரு மூலையில் நிகழ்தகவு
மைனஸ் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று.
நடக்கவே நடக்காது என்பதற்கும் கீழே
ஏதோ ஒன்று நடக்காமல் இருந்தது.
சத்தமாய்ச் சிரித்துவிட்டேன் போல.
பலகையில் இரண்டு தட்டு.
“டாக்டரம்மா, முடிஞ்சிருச்சா?”
“இல்லண்ணே, தப்பு.”
“சரி, படுங்க.”

காலையில் சமையலறை
(என் அடுப்பு நேரம் ஆறு ஐந்திலிருந்து ஆறு இருபது).
ஜகபர் சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடம் அல்ல, நூருலிடம்:
ரீம் தீவில் ஒரு ஆபீஸ், நாற்பத்தியொரு ஏசி வாய்,
ஒண்ணைத் திருகினா மத்த நாற்பதும் மாறுது,
ஒண்ணொண்ணா சரி பண்ணிச் சுத்தி வந்தா
மொதல்ல பண்ணது கெட்டுக் கெடக்கு,
மறுபடி சுத்து, மூணு நாளாச்சு.

தோசை தீய நின்றேன்.
என் நிரல் அது, வரிக்கு வரி.
மற்றதை எல்லாம் அசையாமல் நிறுத்தி
ஒன்றை மட்டும் தீர், பிறகு அடுத்தது,
கடைசிக்குப் போனால் திரும்பி வா.
“எப்போண்ணே நிறுத்துவீங்க?”
“கம்ப்ளெயின்ட் வராதப்போ.”

நான் நிறுத்துவது ஆறாவது தசம இடத்தில்.
இரண்டாம் வருடம் யாரோ ஒருவரின் நிரலிலிருந்து எடுத்த எண்.
என் இருபது திசையிலும் ஒருவரும் குடியில்லை,
புழுங்குகிறது என்று போன் செய்ய.

சாயங்காலம் வாட்ச்மேன் வந்தார்: நாளைக்கு நகராட்சி சோதனை.
இரவோடிரவாய்ப் பலகைகளைக் கழற்றினோம்.
திருகாணிகளை ஜகபர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார்.
ஹாலில் ஒரு ஜன்னல் இருந்தது.
பதினோரு மாதமாய் எனக்குத் தெரியாது.
டூட்டிக்குப் போன எஸ்தர் தவிர நாலு பேரும்
நடுவில் கொஞ்ச நேரம் நின்றோம்,
யார் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.
“நாளன்னைக்கு மாட்டிரலாம்,” என்றார், யாரும் கேட்காமலே.

பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.
எட்டாம் அறைக்கும் ஒன்பதாம் அறைக்கும் நடுவே
பன்னிரண்டாய் இருந்ததைப் பதினாறாக்கி அனுப்பினேன்.
ஹாலுக்கு ஏசி வாய் ஒன்றுதான், அதுவும் ஜன்னலோரம்.
காற்று முதல்முறையாய் என்வரை வந்தது.
கிளஸ்டர் வரிசையில்
எனக்கு முன்னால் முப்பது பேர்.