ஆள் நடமாட்டம்

பின்னிரவு இரண்டு மணி. அராகட்ஸ் மலைச்சரிவில்
நிலநடுக்க நிலையத்தின் கீழ்த்தளம்.
இருபத்தேழு வருடமாக எனக்கு
பூமி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை.

மேலே கணினிகள் வந்துவிட்டன.
இந்தப் பழைய உருளையை மட்டும்
நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.
தாளை மண்ணெண்ணெய்ச் சுடரில் காட்டிக் கருக்குவேன்,
கரி கையில் ஒட்டாமல் உருளையில் சுற்றுவேன்
(ஒட்டாமல் இருந்ததே இல்லை).
ஊசி கரியைக் கீறிக் கீறி
வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போகும்.
சுத்தமான தாளில் அந்த ஊசியால்
ஒரு புள்ளிகூட வைக்க முடியாது.

ஞாயிறன்று தேவாலயத்தில்
தண்ணீர் தேங்கிய மணல்தட்டில் மெழுகுவர்த்தி நட்டேன்.
ஒன்று அம்மாவுக்கு.
இரண்டாவது, விரல்சூட்டில் வளையும்வரை
கையிலேயே இருந்தது.
"உயிரோடிருப்பவர்களுக்கும் ஏற்றலாம், ஷுஷானிக்" என்றாள்
மெழுகு விற்கும் ஹ்ரிப்ஸிமே,
என் தயக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு.

உயிரோடுதான் இருக்கிறாள் அர்பினே, என் தங்கை.
மார்செயில் சலவைக்கடை வைத்திருக்கிறாள்.
அம்மாவின் வீட்டை விற்றபோது
விலையைக் குறைத்துச் சொன்னேன் அவளிடம்.
பெரிய தொகை ஒன்றுமில்லை,
ஒரு குளிர்காலத்து விறகுக் காசு.
அந்த விறகு எரிந்து
பதினெட்டுக் குளிர்காலம் ஆயிற்று.
அவள் கணக்குக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

பூசையில் எல்லோரும் ஒன்றாய்ச் சொல்கிறோம்,
பாவம் செய்தேன், பாவம் செய்தேன் என்று.
ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.
நூறு குரலுக்கு நடுவே என் குரல்
எனக்கே கேட்காது.

நெடுநாள் நினைத்திருந்தேன்,
அமைதி என்றால் நேர்கோடு என்று.
ஒரு தை மாதத்து இரவு
நாற்பது நிமிடம் நேர்கோடு போட்டது ஊசி.
மயிரிழை பிசகவில்லை.
சந்தோஷத்தில் காட்டுத்துளசித் தேநீர் ஊற்றிக்கொண்டு
பாதி குடித்த பிறகுதான் முதுகு சில்லிட்டது.
ஊசி அச்சில் சிக்கி நின்றிருந்தது.
பூமி எப்போதும்போல் இருந்திருக்கிறது,
காது போனது கருவிக்கு.

உண்மையில் அமைதியான இரவு
இதோ இப்படித்தான் இருக்கும்:
ஆறு நொடிக்கொரு தரம் மெல்லிய நடுக்கம்,
தூங்கும் குழந்தையின் வயிறுபோல.
எங்கோ கடலில் புயல்.
எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
ஆனாலும் மலையின் அடியில் அலை வருகிறது.
அர்பினேயின் ஜன்னலுக்குக் கீழே மோதுகிற அலையும்
இதற்குள் இருக்கலாம்.
பிரித்தெடுக்க எனக்குத் தெரியாது.

விளக்கைத் தணித்தேன்.
என்னையும் ஒருமுறை கருக்கிச் சுற்றிப் பார்ப்போமே என்று
கண்ணை மூடி உட்கார்ந்தேன்.
முதலில் வந்தது நியாயங்கள்:
அந்த வருடம் மின்சாரம் இல்லை, பிள்ளைக்கு இருமல்,
அவள்தான் அம்மாவை விட்டுப் போனவள்.
வரட்டும் என்று விட்டேன். வந்து, போயின.
ஒவ்வொன்றும் போகும்போது கொஞ்சம் கரியை
எடுத்துக்கொண்டு போயிற்று.
கடைசியில் அந்தத் தொகை மட்டும் நின்றது.
காலியான அறையில் அதை வாய்விட்டுச் சொன்னேன்.
ஒரு தடவை, தனிக்குரலில்,
ஏலத்தில் சொல்வதுபோலத் தெளிவாக.

ஒன்றும் நடக்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டியது.

எழுந்தபோது நாற்காலி அதிர்ந்திருக்க வேண்டும்.
கோட்டில் சின்னதாய் ஒரு முள்.
விதிப்படி ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
காரணம்: ஆள் நடமாட்டம்.

மனம் அமைதியாகிவிட்டதா என்று கேட்டால்
ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.
ஆனால் இப்போது கேட்கிறது.

தாளைக் கழற்றி அரக்குக் கரைசலில் முக்கிக்
கொடியில் மாட்டினேன். இனிக் கைபட்டாலும் அழியாது.
மார்செயில் இப்போது நள்ளிரவு.
சலவைக்கடை திறக்க ஏழு மணியாகும்.
அதுவரை
அரக்கு காயட்டும்.