லொபி

செவ்வாய், வெள்ளி. பின்னேரம் ஐந்தரை.
காலிமுகத்திடலுக்கு எதிரே ஒரு ஹோட்டல் லொபி.
தேத்தண்ணி ஆயிரத்து முன்னூறு ரூபாய்;
இரண்டு கோப்பையை மூன்று பேர்
ஒரு மணித்தியாலம் இழுக்கிறோம்.
வகுப்பறை வாடகையைவிட மலிவு.
குளிர் இலவசம்.

சியூ லான் கணக்குப் பார்க்கிறவள்.
வென்போ கிரேன் ஓட்டுகிறவன்,
சப்பாத்தில் இன்னும் துறைமுகத்து மணல்.

"லொபி" என்று கையை விரித்துக் காட்டினேன்:
இந்தப் பளிங்கு, இந்தப் பூச்சாடி,
ஆருக்கும் சொந்தமில்லாத இந்த சோபா.
"தா திங்" என்றாள். பெரிய கூடம்.
சரி, இலகுவான பாதி முடிந்தது.

மற்றப் பாதிக்கு
நான் பத்தரமுல்லைக்குப் போகவேண்டியிருந்தது.
பதினான்கு மாதச் சம்பள நிலுவைக்காக
எட்டு நாள் குந்தியிருந்த முகப்பு.
வாசலிலிருந்து லிஃப்ட் வரை பன்னிரண்டு அடி.
அதற்குள் அதிகாரியோடு சேர்ந்து நடந்து,
சிரித்து, சொல்லி முடிக்கவேண்டும்.
"அங்கே அது வினைச்சொல்" என்றேன்.

அவள் இரண்டு எழுத்து எழுதினாள்.
முதலாவது நீந்துவது, அலைவதும் அதுதான்.
இரண்டாவது பேசுவது.
"ஆனால் ரீச்சர், இங்கே 'ஷுவோ' என்று வாசிக்கக்கூடாது.
'ஷுவெய்'.
எழுத்து அதேதான். ஒருவர் மனதை மாற்றப் பேசினால்
சத்தம் வேறு."

தெரியும்.
அந்தப் பன்னிரண்டு அடியில்
என் குரலை நானே அடையாளம் காணவில்லை.

வென்போ உரக்கச் சொல்லிப் பார்த்தான்: "லோபி."
"நீட்டாதே, நீட்டினால் தமிழில் கஞ்சன்."
அவன் வெறுங்கோப்பையைப் பார்த்தான்,
பிறகு என்னை.

அப்போதுதான் பிரியங்கர வந்தான்,
தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சங்கடமாக.
மனேஜர் பார்க்கிறாராம். இன்னும் ஏதாவது ஓடர் பண்ணவேண்டுமாம்,
இல்லாவிட்டால் மிஸ்...

நான் வாய் திறக்குமுன் சியூ லான் எழுந்தாள்.
பளிங்கில் அவள் போனது
நடை மாதிரி இல்லை.
அங்கே என்ன சொன்னாளோ, எந்தச் சத்தத்தில் சொன்னாளோ,
இருபது நிமிடத்தோடு திரும்பினாள்,
பின்னாலேயே ஒரு தட்டு பிஸ்கட்.

"இறந்தகாலம் எப்படி, ரீச்சர்?"
கடைசி எழுத்தை வெட்டி
மூன்று எழுத்து ஒட்டிக் காட்டினேன்.
எதிர்காலம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, நூற்றெழுபத்தேழாம் இலக்க பஸ்ஸில்
ஃபைலை மடியில் வைத்தபடி
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்:
ஷுவெய், ஷுவெய்.
பக்கத்து சீற்றுப் பெண்
எனக்குக் குளிர்கிறதென்று நினைத்து
ஜன்னலை இழுத்து மூடினாள்.