வியாழன் வரை

வியாழக்கிழமை வரைதான் இந்த விலை, சாரே
என்கிறான் கொச்சியிலிருந்து நிதின்.
பழையதைத் தள்ளிவிட்டுப் போர்ஷே எடுத்தால்
மேலே எவ்வளவு என்று ஒரு தொகை சொன்னான்.
ஆறு லோடு ஷீட், என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.
ரப்பர் வியாபாரிக்கு எதையும்
அப்படித்தான் எண்ண வரும்.

ஷெட்டில் நிற்பது லம்போர்கினி.
பத்து சிலிண்டர், என் பிடரிக்கு ஒரு முழம் பின்னால்.
மார்த்தாண்டம் நெரிசலில் கிளட்ச் கருகி மணக்கும்.
மேம்பாலத்தில் ஏறினால் மறந்துபோகும்.
ரெண்டே நிமிஷம், பாலம் தீர்ந்துவிடும்.
குழித்துறையில் நான் திரும்பும்போதே
சத்தம் கேட்டு கேட்டைத் திறந்துவைப்பான் வாட்ச்மேன்.
றோஸ்லெட் மட்டும் சொல்லுவாள்:
ஜெபம் முடியட்டும், பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க.

புதியதை முப்பந்தலில் ஓட்டிப் பார்த்தேன்.
விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.
லாரியையே ஒரு லேன் தள்ளிவிடும் அந்தக் கணவாய்க் காற்றில்
கோடு கிழித்ததுபோல் போனது.
நான் தப்பாய்த் திருப்புமுன்பே திருத்திவிட்டது.
நல்ல கணக்குப்பிள்ளை அப்படித்தான்;
ஆனால் அவனோடு சீட்டாட யாரும் உட்காரமாட்டார்கள்.

வேகத்தடை வந்தால் தானே மூக்கைத் தூக்குமாம்.
ஒருமுறை காட்டினால் போதுமாம்,
செயற்கைக்கோள் பார்த்து இடத்தை ஞாபகம் வைக்குமாம்.
நிதினுக்கு நம்ம ஊர் தெரியாது.
கொடைக்கு ரெண்டு, சர்ச் திருவிழாவுக்கு மூணு,
பள்ளிக்கூட வாசலில் எவனாவது விழுந்தால் மறுநாளே ஒன்று,
ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பவை.
ஒரு மழையில் கரைந்தும் போகும்.
அதன்பிறகும் அந்தப் போர்ஷே
வெறும் ரோட்டில் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போகுமே,
இறந்துபோனவருக்கு வணக்கம் வைப்பதுபோல.
என் வண்டிக்கு ஞாபகசக்தி கிடையாது.
குறுக்கே சாய்த்து, ஒரு சக்கரம், பிறகு ஒரு சக்கரம்,
பின்னால் நாகர்கோவில் பஸ் ஹாரனை விடாமல் அமுக்க
நான்தான் ஏற்றி இறக்கவேண்டும்.

களியக்காவிளை சஜின் டயரைத் துடைத்தபடி கேட்டான்:
இதுக்க சத்தத்தக் குடுத்திட்டு
அதுக்க புத்திய வாங்கப் போறீங்களா?

கிளட்ச், என்றேன்.
சாமான் வர மூணு மாசம், என்றேன்.
வலது முட்டை மட்டும் சொல்லவில்லை.
முப்பந்தலில் போர்ஷேயிலிருந்து எழுந்தேன்.
அவ்வளவுதான், எழுந்தேன்,
ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுவதுபோல.
இதிலிருந்து இறங்க
முதலில் ஒரு கால் வெளியே, பிறகு தரையில் ஒரு கை,
பிறகு கதவின் விளிம்பு, பிறகு மூச்சு.
ஐம்பத்தாறு வயசில் சிவப்பு வண்டியோரம்
நாலு காலில் ஒரு மனுஷன்.
குலசேகரம் எடைமேடையில் லோடுமேன் ஒருத்தன் பார்த்துவிட்டான்.
பார்த்துவிட்டு, பீடி பற்றவைக்கிற மாதிரி
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முட்டுக்காக மாற்றினால்
மாற்றியது நானா, முட்டா?

புதன் ராத்திரி நல்ல மழை.
நிதின் பட்டியல் அனுப்பியிருந்தான்:
சாவி ரெண்டு, சர்வீஸ் புத்தகம், துணி உறை.
எடுத்துவைக்க ஷெட்டுக்குப் போனேன்.
டிரைவர் பக்கம், சுவரோரம்
நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று.
கதவை முழுக்கத் திறந்தாலும் இடிக்காத தூரத்தில்,
கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.
எத்தனை மாசமாக இருக்கிறது இது?
தினமும் இதில்தானே கை ஊன்றி எழுந்திருக்கிறேன்,
யார் வைத்தது என்று கேட்காமல்.

உள்ளே றோஸ்லெட் மீன் பொரிக்கிறாள்.
கேட்டால், எந்த ஸ்டூல், என்பாள்.

வண்டிக்குள் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை.
தகரக் கூரை முழுக்க மழை.
போன் ரெண்டு தடவை அதிர்ந்து அடங்கியது.
இறங்கவேண்டும்.
இறங்க ஒன்றும் அவசரமில்லை.