வடிதாள்

குரிட்டிபாவில் ஜூலைக் குளிர்.
பணிமனைச் சுவரில் தினமும் படியும் கரி
இன்று படியவில்லை.
சோயா எண்ணெய் குடித்த பேருந்து
பொரித்த பலகாரம்போல் மணக்கிறது;
ஓட்டுநர் ஒசியேலுக்குப் பசிக்கிறதாம்.

ஜுரேமா வடிதாளை விளக்கில் பிடிக்கிறாள்.
நேற்றையது அடுப்புக்கரி.
இது, பால் தாராளமாய் விட்ட காப்பி.
"ஜெயித்துவிட்டோம்" என்கிறான் அவன்,
இன்ஜின் மூடியைத் தட்டிக்கொடுத்து.

அவள் பேசவில்லை.
நைட்ரஜன் ஆக்சைடு முள்
நேற்று நின்ற கோட்டைத்
தாண்டி நிற்கிறது.
கொஞ்சம்தான்,
ஒரு நகக்கண் அளவு.

புகை என்றால் கறுப்பு என்று
யார் சொல்லி வைத்தது நமக்கு?

கையுறையைக் கழற்றி
இரண்டு எண்களையும் எழுதுகிறாள்,
ஒரே பேனாவால்,
ஒரே அழுத்தத்தில்.

வெளியே
நிறமில்லாத ஒன்று
நிறுத்தத்தில் காத்திருப்பவர்களோடு
வரிசையில் சேர்கிறது.