ஏழு முட்டைகள்

சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல்
எல்க் ஃபோர்க்கில் வண்டி நிறுத்த இடம் கிடையாது.
வங்கி வாசலிலிருந்து தானியக் கிடங்கு வரை
நடைபாதையை முட்டிக்கொண்டு பிக்கப் லாரிகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் முட்டைப் பெட்டி, க்ரீம் கேன்,
தூங்கிப்போன ஒரு பிள்ளை.
நெப்ராஸ்கா முழுக்க அன்று இப்படித்தான் இருந்திருக்கும்.
எனக்குத் தெரிந்தது ட்ரீசன் கடையின் பின்னறை.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு தகர டப்பா.
அதில் காசளவு ஓட்டை, உள்ளே நாற்பது வாட் பல்பு.
ஓட்டையில் வைத்து ஒரு திருகு திருகினால்
கரு சோம்பலாகப் புரண்டு படுக்கும்.
மேலே காற்றுக்குழி சின்னதென்றால் நேற்றைய முட்டை,
பெரிதென்றால் யாரோ பொய் சொல்கிறார்கள்.
எந்த வீட்டில் தீவனம் குறைந்தது,
எந்த வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சில்லாமல்
கூட்டுக்குள் கைவிட ஆளில்லாமல் போனது,
பாதிரியாருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

நெல்டா ப்ரூன்ஸ் பன்னிரண்டு டஜன் கொண்டுவந்தாள்.
ஜூலை ஆலங்கட்டி அவர்கள் சோளத்தை
முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுப் போயிருந்தது.
பக்கத்து நிலத்தில் ஒரு தோகை மடியவில்லை.
அவள் முட்டையில் ஏழு பழசு.
விளக்கை அணைத்தேன். போட்டேன். மறுபடி அணைத்தேன்.
ஏழையும் நல்லதோடு அடுக்கிச்
சீட்டு எழுதினேன்: மூன்று டாலர் எழுபத்திரண்டு.

அவள் அதற்குச் சர்க்கரை வாங்கினாள், காப்பி வாங்கினாள்,
ஒரு மூட்டைக் கோழித்தீவனம் கேட்டாள்.
தீவனம் எதுவானாலும் சரி,
துணி நீலப்பூ போட்டதாக இருக்கவேண்டும்,
வீட்டில் இரண்டு சாக்கு இருக்கிறது,
மூன்று சேர்ந்தால்தான் கவுன்.
நீலப்பூ எப்போதும்போல அடியில் கிடந்தது.
ட்ரீசனின் மகன் முனகிக்கொண்டே பதினோரு மூட்டை புரட்டினான்.

பிறகுதான் சீட்டை விரித்துப் பார்த்தாள்.
பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.
"வைக்கோல் வண்டிக்கடியில் ஒரு கூடு கிடைத்தது.
என்றைக்கு இட்டதென்று தெரியாது. ஏழு.
நீ பார்த்துக் கழிப்பாய் என்றுதான் சேர்த்தேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்கிறார்களே,
ஒன்றுகூடவா தெரியவில்லை?"

கடை அமைதியானது.
செக்கர்ஸ் ஆடிய இருவர் காயைத் தூக்கியபடி நின்றார்கள்.
தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அவள் அதற்குப் பிறகு
பதினெட்டு மைல் தள்ளிப் போய் விற்பாள்.
"அசந்துட்டேன், மிஸஸ் ப்ரூன்ஸ்."

பதினெட்டு சென்ட்.
மூன்று நிக்கல், மூன்று பென்னி,
ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்,
ஊருக்கே கேட்கும்படி.
ஏழையும் பொறுக்கியெடுத்து
ஏப்ரனில் முடிந்துகொண்டு போனாள் பன்றிகளுக்கு.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும்
தங்கள் முட்டையை இரண்டுதரம் பார்க்கச் சொன்னார்கள்.
போன மாதம் கழித்தவைகூட நல்லவையாம்.
ட்ரீசன் ஒன்றும் திட்டவில்லை.
ஏணி போட்டு ஏறாத குறையாக
ஒரு புது பல்பை என் டப்பாவில் திருகினார்.
அறுபது வாட்.

இப்போது ஓட்டின் நுண்துளைகூடத் தெரிகிறது.
என் விரல் எலும்பும் நிழலாகத் தெரிகிறது.
ஞாயிறு சர்ச்சில் நெல்டா நீலப்பூ கவுனில் வந்தாள்.
இரண்டு வரிசை முன்னால் வங்கிக்காரர் மனைவி,
அதே நீலப்பூ.
இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல்
ஒரே பக்கத்தைப் புரட்டினார்கள்.

வெளியே வரும்போது நெல்டா என்னிடம் சொன்னாள்:
"ஏழில் ஒன்றுதான் நாறியது."
அவ்வளவுதான். லாரியில் ஏறிவிட்டாள்.
மீதி ஆறையும் உடைத்துப் பார்த்திருக்கிறாள்.