நாலடி

மூச்சிரைப்பு எத்தனை என்று கேட்கிறாள் நிலோஃபர்.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லணுமாம்.
முப்பத்தோரு வருஷம்
வெண்ணாற்று மதகில் லஸ்கர் வேலை.
தண்ணீரைக் கேட்டால் சொல்வேன்.

நெஞ்சைப் பிளந்து தைத்த ஒன்பதாம் வாரம்.
திருவாரூர் ஆஸ்பத்திரி வராந்தா,
முப்பது மீட்டர், இரண்டு மஞ்சள் கூம்பு,
ஆறு நிமிஷம்.
நேற்று ஏழு நடை.
நடுவில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற நேரத்தையும்
கணக்கில் சேர்த்துவிட்டாள், கிராதகி.

ஷட்டரை ஒரேயடியாய்த் தூக்கினால்
கீழ்க்கரை உடையும்.
அரை அரைச் சுற்றாய்த் திறக்கணும்.
அவளும் அதையேதான் சொல்கிறாள்,
மாரத்தானா ஓடப்போறீங்க என்று.

எட்டாவது திருப்பம்.
வாயால் மூச்சு வருகிறது, பிடரியெல்லாம் ஈரம்.
"எத்தனை?"
"நாலடி" என்கிறேன்.
சிரிக்காமல் நாலு என்று எழுதிக்கொண்டு
"இன்னும் கரை இருக்கு, நடங்க" என்கிறாள்.